கன்பான் அட்டையும் குறித்த தவணையும்

வானொலி நிலையத்துச் சுவரிலே ஒரு மணிக்கூடு உண்டு. அதன் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டதும் செய்தி வாசிப்பவர் வாய் திறந்தே ஆகவேண்டும். செய்தி முழுவதும் வந்து சேர்ந்ததா, எழுதியவர் எழுதி முடித்தாரா, பிழை திருத்தியாயிற்றா என்று அந்த மணிக்கூடு எவரையும் கேட்பதில்லை. நேயர்களே, நாள் குறித்த வேலைக்கு இதைவிட நெருங்கிய உதாரணத்தை என்னால் உங்களுக்குத் தரமுடியாது. ஒரு நிமிடம் முந்தினால் பயனில்லை. ஒரு நிமிடம் பிந்தினாலோ நாடே அறிந்துவிடும்.

ஆயினும் உலகத்து வேலைகள் யாவும் மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டவையல்ல. இன்று முடிந்தாலும் நன்று, நாளை முடிந்தாலும் பெரிய இழப்பில்லை என்ற வகையினவே பல. கணினிக்கு ஆணைத்தொடர் எழுதும் மென்பொருள் தொழிலிலே இவ்விரு வகை வேலைகளும் ஒரே மேசைமீது கலந்து கிடக்கின்றன. அத்தொழிலில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே 'கன்பான்' என்ற யப்பானிய முறை புகுந்தது. சுவரில் அட்டைகளை ஒட்டி, ஒரே வேளையில் இத்தனை வேலைக்குமேல் கையில் எடுப்பதில்லை என்று வரையறுத்து, ஒன்று முடிந்த பின்னரே அடுத்ததை எடுக்கும் முறை அது. அதன்மீது சாட்டப்படும் முதற் குற்றம், 'ஆற்றொழுக்காக ஓடுகிற வேலைக்கு அது சரி. நாள் குறித்த வேலைக்கு அது உதவாது' என்பதாகும். இக்குற்றச்சாட்டு எவ்வளவு உண்மை என்பதைக் காண வேண்டுமானால், அந்த அட்டை பிறந்த ஊருக்குப் போய் அதன் வரலாற்றைக் கேட்பதே நேர்வழி.

யப்பானிலே சக்கிச்சி டொயோடா என்றொருவர் 1867ஆம் ஆண்டு பிறந்தார். தறி செய்வது அவருடைய வாழ்நாள் வேட்கை. 1924இல் அவரும் அவர் மைந்தரும் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்ததும் தானாகவே நின்றுவிடும். பிழையான துணியை மேலும் மேலும் நெய்துகொண்டே போகாது. 1929இல் அத்தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் நிறுவனம் ஒரு இலட்சம் பவுணுக்குக் கேட்டு ஒப்பந்தம் செய்தது. மைந்தர் கீச்சிரோ டொயோடாவின் நாட்டமோ மோட்டார் வண்டியிற் சென்றது. 1937இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தோன்றியது; அடுத்த ஆண்டு கொரோமோ என்னும் இடத்தில் அதன் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேண்டிய உறுப்பு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் வந்து சேரவேண்டும்; முன்கூட்டி வந்து குவியவும் கூடாது, பிந்தவும் கூடாது என்பது கீச்சிரோவின் கொள்கை. கொள்கை இருந்தது, அதை நடத்தும் கருவி இருக்கவில்லை. இடையிலே போர் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று.

போருக்குப் பிந்திய நிலையைத் தாயிச்சி ஓனோ என்ற பொறியியலாளர் தமது நூலிலே விவரிக்கின்றார். ஓனோ 1912இல் மஞ்சூரியாவின் தாலியன் நகரிற் பிறந்தவர். முதலில் டொயோடா நெசவாலையிற் பணிபுரிந்து, 1943இல் மோட்டார் தொழிற்சாலைக்கு வந்தவர். மாதத்தின் முற்பாதியிலே வண்டி பூட்டுபவர்களுக்கு வேலையே இராது. உறுப்புகள் ஒன்று வந்தால் ஒன்று வராது. பிற்பாதியில் எல்லாம் ஒருங்கே வந்து குவிய, இரவு பகலாகப் பூட்டி, மாத முடிவுக்குள் கணக்கை நிறைவு செய்வார்கள். ஒரு பழைய மாணவர் பாட்டின் பெயரை இந்த முறைக்கு இட்டு, அவர்கள் தம்மைத் தாமே எள்ளிக்கொண்டார்களாம். பரீட்சைக்கு முதல்நாள் விடிய விடிய விளக்கெரிக்கும் மாணவரை அறிந்த நமக்கு அந்த எள்ளலின் பொருள் விளங்காமற் போகாது.

நேயர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டுகின்றேன். மாத முடிவு என்பது ஒரு தவணை. அத்தவணையைப் பற்றிய பதைப்பே மாதத்தின் பிற்பாதியை அவ்வாறு ஆக்கிற்று. கன்பான் முறை தவணை அறியாத ஊரிற் பிறந்ததென்று எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இதற்கிடையில் ஒரு பெருந்துயரும் நேர்ந்தது. 1949இல் யப்பானிய அரசு பணவீக்கத்தை அடக்க எடுத்த கடும் நடவடிக்கைகளால் வண்டி வாங்குவோர் குறைந்தனர். விற்ற வண்டிக்கும் பணம் வரவில்லை. டொயோட்டா கடனில் மூழ்கிற்று. வங்கிகள் கைகொடுத்தன, ஆனால் விற்பனைக்கென வேறொரு நிறுவனத்தைப் பிரித்து அமைக்கவேண்டும், ஆட்களைக் குறைக்கவேண்டும் என்ற நிபந்தனைகளும் வந்தன. 1950இல் வேலைநிறுத்தம் மூண்டது. ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் வேலை செய்த இடத்திலிருந்து பெருந்தொகையானோர் விலகிச் செல்ல நேர்ந்தது. அந்தப் பொறுப்பை ஏற்றுக் கீச்சிரோவும் தலைமைப் பதவியைத் துறந்தார். அதே யூன் மாதம் 25ஆம் திகதி கொரியப் போர் வெடித்தது. அமெரிக்கப் படை ஆயிரக்கணக்கில் லொறிகளைக் கேட்டது. அவற்றுக்கும் ஒப்படைக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டாண்டுக்குள் கீச்சிரோ காலமானார்.

ஆள் குறைவு, பணம் குறைவு, குறித்த நாளோ தலைமேல். இந்த நெருக்கடியிலேதான் ஓனோவின் சிந்தனை வேலை செய்தது. அமெரிக்காவிலே சுப்பர்மார்க்கெட் என்ற பெருங்கடைகள் நடக்கும் விதத்தை அவர் கேள்விப்பட்டிருந்தார். வாங்குபவர் தமக்கு வேண்டியதைத் தாமே தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார். எடுத்த அளவை மட்டுமே கடைக்காரர் மீண்டும் நிரப்புவார். வாங்குபவர் கேட்காத சரக்கைக் கொண்டுவந்து குவிப்பது கிடையாது. தொழிற்சாலையிலும் பின்னுள்ள பகுதியை வாங்குபவராகவும் முன்னுள்ள பகுதியைக் கடையாகவும் கொண்டால் என்ன என்று ஓனோ எண்ணினார். 1950களில் தமது இயந்திரப் பகுதியிலே இதனைச் சோதித்தார். 1956இல் அமெரிக்கா சென்று அக்கடைகளை நேரிற் கண்டார். 1960களின் தொடக்கத்தில் முறை நிறுவனம் முழுவதும் பரவிற்று.

அதற்கு அவர் கண்ட கருவி மிக எளியது: ஒளிபுகும் உறையிலிட்ட ஒரு துண்டு அட்டை. எந்த உறுப்பு, எத்தனை, எங்கிருந்து எங்கே என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். 'கன்பான்' என்ற சொல்லுக்குக் கடை வாசலிலே தொங்கும் பெயர்ப்பலகை என்று பொருள். அட்டை வந்தால் செய், வராவிடில் செய்யாதே. அட்டையில்லாமல் ஒரு பொருளும் நகரக்கூடாது. பழுதான பொருளை அடுத்த பகுதிக்கு அனுப்பக்கூடாது. சுழலும் அட்டைகளின் தொகையைக் காலப்போக்கிலே குறைத்துக்கொண்டே வரவேண்டும். முறையின் சாரம் இவ்வளவே.

இன்னொன்றையும் ஓனோ வற்புறுத்தினார். பின்வந்தோர் பலர் அதனைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. அட்டை முறை நடக்கவேண்டுமானால் வேலை சமநிலைப்பட்டிருக்க வேண்டும். மாதத்துக்கு வேண்டிய வண்டிகளை நாளுக்கு நாள் ஒரே சீராகப் பங்கிடாமல் அட்டையை மட்டும் மாட்டினால் பயன் விளையாது. ஆகவே டொயோட்டாவிலே மாதத் தவணை ஒழிந்துபோகவில்லை. அது முப்பது சிறு தவணைகளாக உடைந்து ஒவ்வொரு நாளிலும் கலந்துவிட்டது. கடைசிக் கிழமையின் பதைப்புக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. 1973இன் எண்ணெய் நெருக்கடியிலே மற்றைய நிறுவனங்கள் தள்ளாடியபோதுதான் யப்பானியரே இம்முறையை வியந்து நோக்கத் தொடங்கினர். ஓனோவின் நூல் 1978இல் யப்பானிய மொழியிலும் 1988இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவர் 1990இல் மறைந்தார்.

இனி மென்பொருளுக்கு வருவோம். அங்கே கைக்குத் தட்டுப்படும் சரக்கு இல்லை. தொழிற்சாலையிலே அரைகுறை உறுப்புகள் குவிந்தால் நடைபாதை அடைபடும். மேற்பார்வையாளர் காலில் இடறும். மென்பொருள் நிலையத்திலே அரைகுறை வேலை எத்தனை குவிந்தாலும் அறை துப்புரவாகவே தோற்றும். ஒருவர் பத்து வேலையைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காமல் இருக்கலாம். வருகிறவர் கண்ணுக்கு அவர் மும்முரமாக உழைப்பவராகவே தெரிவார். இதன் விளைவு தவணை நாளிலேதான் வெளிப்படும்.

அவ்வாறு வெளிப்பட்டபோது வழக்கமாகச் செய்யப்பட்டது என்ன? மேலும் ஆட்களைச் சேர்ப்பது. ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்பிரிலில் அறிவித்த 360 என்னும் கணினித் தொகுதிக்கு மென்பொருள் ஆக்கும் பணியை நடத்திய பிரெட்ரிக் புரூக்ஸ், தாம் பட்ட பாட்டை 1975இல் நூலாக எழுதினார். பிந்திவிட்ட மென்பொருள் வேலைக்குப் புது ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்பது அவர் கண்ட முடிபு. புதியவருக்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை விட்டு எழவேண்டும். ஆட்கள் பெருகப் பெருக ஒருவரோடொருவர் பேசித் தீர்க்கவேண்டியனவும் பெருகும். இதை அறிந்த பின்னரும் அதையே செய்தவர் பலர்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே, 1961இல், யோன் லிற்றில் என்ற அமெரிக்க அறிஞர் வரிசைகளைப் பற்றிய ஒரு விதியை நிறுவிக்காட்டினார். வைத்தியசாலை வரிசையாயினும் வங்கி வரிசையாயினும் இதே கணக்குத்தான். கையில் உள்ள வேலைகளின் தொகையை, ஒரு கிழமையில் முடியும் வேலைகளின் தொகையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை கிழமை தங்கும் என்பது கிடைக்கும். சுவரில் 12 அட்டை. கிழமைக்கு 3 முடியும். ஆகவே சராசரி 4 கிழமை. கையிலுள்ளதை 6 ஆகக் குறைத்தும் கிழமைக்கு 3 முடியுமானால் காத்திருப்பு 2 கிழமையாகும். எவரையும் விரட்டாமலே விரைவு வந்துவிடுகின்றது. வேலையை வரையறுப்பது சோம்பலுக்கு இடங்கொடுப்பதாகும் என்று நினைப்போருக்கு இந்தச் சிறு வகுத்தற்கணக்கே விடை.

இக்கணக்கு மென்பொருள் நிலையத்திலே மெய்யாகியது 2004ஆம் ஆண்டிலாகும். மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் உள்நாட்டுப் பயன்பாட்டு மென்பொருள்களைப் பராமரிக்கும் ஒரு சிறு குழு இந்தியாவின் ஐதராபாத் நகரில் இருந்தது. திருத்தம் கேட்டவர்கள் ஏறத்தாழ ஐந்து மாதம் காத்திருந்தனர். எண்பதுக்கு மேற்பட்ட வேண்டுகோள்கள் வரிசையில் நின்றன. குறித்த நாளில் எதுவும் கிடைக்காது என்று கேட்டவர்களும் பழகிவிட்டனர். குழுவிலே திறமைக் குறைவு இல்லை. பொறுப்பேற்ற டிராகோஸ் டுமித்ரியு, டேவிட் அண்டர்சன் என்பவரின் ஆலோசனையோடு நோக்கியபோது வேறொரு காரணம் தெரிந்தது. வருகின்ற ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 'இது எத்தனை நாளாகும்' என்று மதிப்பிட்டுச் சொல்லவேண்டும் என்பது விதி. அம்மதிப்பீட்டுக்காக எழுதுவோரும் சோதிப்போரும் கைவேலையை அடிக்கடி நிறுத்தவேண்டியிருந்தது. குழுவின் ஆற்றலில் மூன்றிலொரு பங்களவு இதிலேயே கரைந்தது. நாளைச் சொல்வதற்குச் செலவழித்த நேரமே நாள் தவறுவதற்குக் காரணமாயிற்று!

மதிப்பீடு நிறுத்தப்பட்டது. கையிலெடுக்கும் வேலைக்கு வரையறை விதிக்கப்பட்டது. அதற்கு ஈடாக, எடுத்த வேலை 25 நாளுக்குள் முடியும் என்று பொதுவாக வாக்களிக்கப்பட்டது. ஒன்பது மாத அளவில் காத்திருப்பு சராசரி 14 நாளாகக் குறைந்தது. 25 நாள் வாக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தடவை நிறைவேறியது. நிரல் எழுதும் விதத்தில் எவரும் எதையும் மாற்றவில்லை என்பதே இதில் என்னை வியக்கவைப்பது.

ஆனால் இந்த வெற்றியையே காட்டி ஒருவர் கேட்கலாம்: '25 நாள் என்பது குழு தானே சொன்ன நாள். அரசாங்கம் சட்டம் இயற்றி ஒரு திகதி குறித்துவிட்டால், உமது அட்டை என் செய்யும்?' கேள்வி நியாயமானதே. 2006இல் அண்டர்சன் கோர்பிஸ் என்ற படக்களஞ்சிய நிறுவனத்துக்குச் சென்றார்; அங்கே இதற்கு விடை தேட நேர்ந்தது. 2010இல் அவர் வெளியிட்ட நூலிலே வேலைகள் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. உடனே செய்யாவிடில் உலை கவிழும் என்ற அவசர வேலை முதல் வகை. நாள் குறித்த வேலை இரண்டாவது. வரிசைப்படி போகும் சாதாரண வேலை மூன்றாவது. இப்போது எவரும் கேளாத, ஆனால் விட்டுவிட்டால் என்றோ ஒருநாள் வருத்தப்படவேண்டிய வேலை நான்காவது. பார்த்தவுடன் தெரியும்படி ஒவ்வொன்றுக்கும் தனி நிறத்தில் அட்டை.

நாள் குறித்த வேலையின் இயல்பு விநோதமானது. அந்த நாள் வரை அதனைத் தாமதிப்பதால் ஒரு சதமும் நட்டமில்லை. நாள் கடந்த மறுகணமே நட்டம் செங்குத்தாக எழும். ஆகவே அதனை மிக முன்னதாகத் தொடங்குவதும் பிழை. அது பிடித்துக்கொள்ளும் இடத்திலே பயன்தரக்கூடிய வேறொரு வேலை நின்றிருக்கும். பிந்தித் தொடங்குவது பிழையென்பதைச் சொல்லவேண்டியதில்லை. எப்போது தொடங்குவது என்பதே கேள்வி. அதற்கு விடையைக் குழுவின் பழைய ஏடு சொல்லும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். யூன் 30ஆம் திகதிக்குள் முடியவேண்டிய ஒரு வேலை. அதுபோன்ற பழைய வேலைகள் நூற்றில் ஐம்பது 20 நாளுக்குள்ளும், எண்பத்தைந்து 35 நாளுக்குள்ளும், தொண்ணூற்றெட்டு 50 நாளுக்குள்ளும் முடிந்தன என்று ஏடு காட்டுகின்றது. யூன் 10இல் தொடங்குபவர் நாணயத்தைச் சுண்டிவிட்டுக் காத்திருப்பவராவார். மே 26இல் தொடங்குபவர் ஓரளவு துணிந்தவர். நாள் தவறினால் அபராதமும் அவமானமும் வரும் என்றால் மே 11இலேயே அட்டையைச் சுவரில் ஏற்றிவிடவேண்டும். லிற்றிலின் விதி தரும் சராசரியைக் கொண்டு நாட்குறிப்பது ஆபத்தானது என்பதும் இங்கே தெளிவாகும். சராசரி ஆழம் முழங்காலளவு என்று கேட்டு ஆற்றில் இறங்கினவன் கதையை நாம் அறிவோம்.

வேலை பெரிதானால் அதனைச் சிறு துண்டுகளாக உடைத்து எண்ணவேண்டும். நாற்பது துண்டு, சென்ற மாதங்களில் கிழமைக்கு மூன்றுக்குக் குறையாமலும் ஆறுக்கு மேற்படாமலும் முடிந்தன, ஆகவே ஏழு கிழமையிலும் முடியலாம், பதினான்கு கிழமையும் ஆகலாம். இருப்பதோ பத்துக் கிழமை. இதனை முதல் நாளிலேயே வேலை கொடுத்தவர் முன் வைத்து, எத்துண்டு இல்லாமல் அந்த நாளைக் கடக்கலாம் என்று கேட்பது எட்டாம் கிழமையில் இரவெல்லாம் கண்விழிப்பதைவிட எவ்வளவோ மேல். அவ்வாறு கேட்டும் சில வேளை நெருக்கடி வரும். அப்போது அந்த அட்டை அவசர வகைக்கு மாறி, மற்றவை ஒதுங்கி வழிவிடும். அவசரச் சலுகை ஒரு வேளையில் ஓர் அட்டைக்கே உண்டு. எல்லா அட்டையும் அவசரம் என்றால் எதுவும் அவசரமில்லை.

குறித்த நாள் உண்மையிலேயே குறித்ததுதானா என்று விசாரிப்பதும் இம்முறையின் பகுதியாகும். அலுவலகங்களில் உலவும் தவணைகளிற் பல மேலதிகாரியின் ஆசைகளே. ஆசைக்குத் தவணை வேடம் போட்டிருக்கிறார்கள். 'ஏன் அந்த நாள்?' என்று மரியாதையோடு கேட்டால் அவை உதிர்ந்துவிடும். உதிராதவை சிலவே. 2002 சனவரி 1ஆம் திகதி ஐரோப்பாவிலே பன்னிரண்டு நாடுகள் ஒரே நாளில் யூரோ நாணயத்தைப் புழக்கத்துக்கு விட்டன. அந்த நாளை எந்த நிரலாளரும் தள்ளிவைத்திருக்க முடியாது. 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அத்தகையதே.

இவை எல்லாவற்றுக்கும் தலைமையானது 2000ஆம் ஆண்டின் பிறப்பு. நினைவகம் விலையுயர்ந்திருந்த காலத்தில், இடத்தை மிச்சப்படுத்த ஆண்டின் இறுதி இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதிவந்தார்கள். 99க்குப் பின் 00 வரும்போது கணினி அதை 1900 என்று கொள்ளக்கூடும் என்று 1970களிலேயே எச்சரித்தவர்கள் உண்டு. நாள் அப்போதே குறிக்கப்பட்டுவிட்டது. எந்த அரசனாலும் மாற்ற முடியாத நாள். ஆனால் 1970களில் பெரும்பாலோர் தொடங்கவில்லை. அந்த நிரல்கள் இன்னும் முப்பது ஆண்டு உயிரோடிருக்கும் என்று எழுதியவர்களே நினைக்கவில்லை. பெரும்பாலோர் விழித்துக்கொண்டது 1990களின் பிற்பாதியிலே. அதன்பின் சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், தாம் பிறக்குமுன் பிறர் எழுதிய நிரல்களை வரிவரியாகத் திறந்து திகதிகளைத் தேடினார்கள். 1999 டிசெம்பர் 31 இரவு, உலகம் வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களிற் பலர் கணினித் திரையின் முன் அமர்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. சிற்சில இடர்கள் தவிர, விளக்குகள் எரிந்தன, விமானங்கள் பறந்தன, வங்கிகள் திறந்தன. விடிந்ததும் பலர் கேட்டது, 'ஒன்றும் நடக்கவில்லையே, இதற்கா இவ்வளவு செலவு?' என்பதே.